தோசைக்கல்லும் புது பிரேக்கும்: வாகனக் கேள்வி–பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பிரேக்கைப் பற்றியவை. சீசன் நெருங்குவதால் இருக்கலாம். ஒரே விஷயத்தைச் சுற்றி வந்த ஐந்து கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டேன். மற்றவர்களுக்கு அடுத்த இதழில் பதில் வரும்.

கேள்வி: வணக்கம் சார். கோத்தகிரி பக்கம் எங்களுக்குச் சின்னத் தேயிலைத் தோட்டம், வீடும் அங்கேதான். இருபது வருட ஆசை, போன மாதம் போர்ஷே 911 எடுத்தேன். மஞ்சள் கேலிப்பரோடு கார்பன் செராமிக் பிரேக் போட்ட வண்டி. இன்னும் 200 கி.மீ. கூட ஓடவில்லை. முதல் சில நூறு கி.மீ. ஓடிய பிறகே பிரேக் பேட் முழுத் திறனுக்கு வரும் என்று கையேட்டில் இருக்கிறது, அதற்கு மேல் விளக்கம் இல்லை. நண்பர் ஒருவர், "குன்னூர்லேர்ந்து மேட்டுப்பாளையம் வரைக்கும் ஒவ்வொரு கொண்டை ஊசியிலும் நல்லா அழுத்திப் பிடிச்சு இறக்கு, கீழ போறதுக்குள்ள செட் ஆயிடும்" என்கிறார். செய்யலாமா?
– ஒரு வாசகர், கோத்தகிரி

பதில்: வேண்டாம். உங்கள் நண்பர் சொன்னதில் பாதி உண்மை இருப்பதால்தான் எனக்குக் கவலை. பேட் என்பது வீலோடு சுற்றும் வட்டத் தட்டான டிஸ்க்கை இரு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் கட்டை. அது செட் ஆகச் சூடு வேண்டும் என்பது சரி. ஆனால் சூடு ஏறினால் ஆற வேண்டும், மறுபடி ஏறி மறுபடி ஆற வேண்டும். மலையிறக்கம் சூட்டைக் கொடுத்துக்கொண்டே இருக்கும், ஆறுவதற்கு நேரமே கொடுக்காது.

வீட்டில் புது இரும்புத் தோசைக்கல் வாங்கினால் என்ன செய்வார்கள் என்று யோசித்துப் பாருங்கள். கழுவித் துடைத்து, எண்ணெய் தடவி, மிதமான தீயில் காய வைத்து, ஆற விட்டு, மறுநாள் மறுபடி தடவி, அப்படி இரண்டு மூன்று நாள் பழக்குவார்கள். எண்ணெய் கல்லின் மேல் மெல்லிய படலமாகப் பிடித்த பிறகுதான் தோசை பிய்யாமல் எழும்பும். முதல் நாளே முழுத் தீயில் வைத்தால் எண்ணெய் திட்டுத் திட்டாகக் கருகிவிடும், அப்புறம் அந்தத் திட்டுகளைச் சுரண்டி எடுப்பதே பெரிய வேலை. பிரேக்கிலும் ஏறக்குறைய இதுதான் நடக்கிறது. பேடில் உள்ள பொருள் சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாக டிஸ்க்கின் முகத்துக்கு மாறி, உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிகிற ஒரு படலமாகப் படிகிறது. அது சீராகப் படிந்துவிட்டால் பேட் தன் சொந்தப் பொருளின் மேலேயே உரசுகிறது, பிடியும் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வருகிறது. மெக்கானிக்குகள் "செட் ஆயிடுச்சு" என்று சொல்வது இதைத்தான்.

திட்டாகப் படிந்தால்? நூறு கி.மீ. வேகத்தில் பிரேக்கைத் தொட்டதும் ஸ்டியரிங் உதறும், பெடல் காலுக்கு அடியில் துடிக்கும். உடனே "டிஸ்க் வளைஞ்சிருச்சு, மாத்தணும்" என்று சொல்லிவிடுவார்கள். நான் பார்த்த வரையில் நிஜமாக வளைந்த டிஸ்க் மிகக் குறைவு, பெரும்பாலும் படலம்தான் ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் இருக்கும். இரும்பு டிஸ்க் என்றால் லேத்தில் கொடுத்து முகத்தைக் கடைந்துவிடலாம். உங்கள் டிஸ்க்கை நம் ஊர் லேத்தில் கடைய முடியாது, அதனால் முதலிலேயே சரியாகச் செய்துவிடுவது உங்களுக்கு இன்னும் முக்கியம்.

"செராமிக் ஆச்சே, அதுக்கு என்ன ஆகப் போகுது" என்று நண்பர் சொல்லியிருப்பார். டிஸ்க்கைப் பொறுத்தவரை அந்த நம்பிக்கையில் தப்பில்லை. கார்பன் இழைகளைப் பிசினோடு சேர்த்து அச்சில் அழுத்தி, காற்றுப் புகாத உலையில் சுட்டுப் பிசினைக் கரியாக்கி, அந்தக் கரியின் நுண்துளைகளுக்குள் உருகிய சிலிக்கானை இறக்குகிறார்கள். சிலிக்கான் உருகுவதற்கே 1,414 டிகிரி செல்சியஸ் வேண்டும். கரியும் சிலிக்கானும் சேர்ந்து சிலிக்கான் கார்பைடு ஆகிறது. சாணைக்கல் செய்கிற கார்போரண்டம் அதுதான், தெருவில் கத்திக்குச் சாணை பிடிக்கும்போது பொறி பறப்பதைப் பார்த்திருப்பீர்கள், அவ்வளவு கடினமான பொருள். அதே அளவு இரும்பு டிஸ்க்கோடு ஒப்பிட்டால் எடை ஏறக்குறைய பாதி. போர்ஷே 2001-ல் 911 ஜிடி2 வண்டியிலும், பெராரி 2002-ல் என்ஸோவிலும் இதைக் கொடுத்தார்கள், அன்றிலிருந்து வேகமான வண்டிகளில் பரவிவிட்டது. சரி, டிஸ்க் தாங்கும். பேட் தாங்குமா? பேடை அழுத்தும் கவ்வியான கேலிப்பருக்குள் இருக்கும் ரப்பர் சீலும் பிரேக் ஆயிலும் தாங்குமா? அங்கேதான் சிக்கல்.

புது பேடில் தூள்களை ஒட்டிப் பிடித்திருப்பது பிசின். முதல் முறை நன்றாகச் சூடேறும்போது அந்தப் பிசினிலிருந்து வாயு வெளியே வரும். கொஞ்சம் கொஞ்சமாக வந்தால் ஒன்றும் தெரியாது. ஒரே மூச்சில் வந்தால் அந்த வாயு பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே ஒரு மெத்தை போல நின்றுவிடும். பெடல் கல்லு மாதிரி கெட்டியாக இருக்கும், நீங்கள் முழு பலத்தோடு மிதிப்பீர்கள், வண்டி மட்டும் போய்க்கொண்டே இருக்கும். சமவெளியில் இது நடந்தால் நாலு நொடி பதற்றத்தோடு போய்விடும். குன்னூர் மலைப்பாதையில் பர்லியாறுக்கு மேலே ஒரு வளைவில் நடந்தால் என்ன ஆகும் என்று நான் எழுதவேண்டியதில்லை.

கணக்கும் போட்டுப் பார்த்துவிடலாம். ஆளோடு சேர்த்து வண்டி 1,600 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 கி.மீ. வேகத்திலிருந்து ஒரு முறை முழுதாக நிறுத்தினால் பிரேக் விழுங்கவேண்டிய சக்தி ஏறக்குறைய 0.6 மெகா ஜூல். குன்னூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர் உயரம், மேட்டுப்பாளையம் 300 மீட்டரை ஒட்டி, ஆகவே இறக்கம் 1,500 மீட்டருக்குக் குறையாது. அந்த உயரத்திலிருந்து அதே வண்டி இறங்கும்போது எங்காவது செலவாகியே தீரவேண்டிய சக்தி 23 மெகா ஜூலுக்கு மேல். அதாவது நூறிலிருந்து நிறுத்துவதை 38 முறை செய்ததற்குச் சமம். இதில் ஒரு பங்கைக் காற்றும் டயரும் எடுத்துக்கொள்ளும், கியரைக் குறைத்து வைத்தால் பெரும் பங்கை இன்ஜின் எடுத்துக்கொள்ளும். நண்பர் சொன்னபடி இறங்கினால் இன்ஜினுக்குப் போகவேண்டிய பங்கும் சேர்ந்து புது பேடின் தலையில் விழும், அதுவும் வண்டி மெதுவாகப் போவதால் காற்றோட்டம் குறைந்த நேரத்தில்.

இன்னொன்று, அந்தச் சாலையில் நீங்கள் மட்டும் போகவில்லை. பின்னால் அரசு பஸ் வரும், சிலிண்டர் லாரி வரும், பச்சைத் தேயிலை ஏற்றிய பிக்கப் வரும். உங்கள் வண்டி நிற்கிற தூரத்தில் அவற்றால் நிற்க முடியாது. காரணமே இல்லாமல் நீங்கள் அழுத்திப் பிடித்தால் பின்னால் வருபவர் எங்கே போவார்? சீசனில் இறங்கும் வண்டிகளை உங்கள் கோத்தகிரி வழியாகத் திருப்பிவிடும்போது குஞ்சப்பனை பக்கம் பலாப்பழ வாசனைக்கு யானை வந்து நிற்பதும் உங்களுக்குத் தெரியாததல்ல. அந்த ரோட்டில் பிரேக் எப்போதும் கையிருப்பில் இருக்க வேண்டும், சோதனையில் இருக்கக் கூடாது.

அப்போ என்னதான் செய்வது? முதலில் கையேடு சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். பழக்கும் முறை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சில வண்டிகளில் தொழிற்சாலையிலேயே ஓரளவு செய்து அனுப்புகிறார்கள். அமெரிக்கக் கார்வெட் போன்ற வண்டிகளின் கையேட்டில், ரேஸ் டிராக்குக்குக் கொண்டுபோகும் முன் செய்யவேண்டிய முறையைத் தனியாகவே போட்டிருக்கிறார்கள். உங்களுடையது ரோட்டில் மட்டும் ஓடப்போகிற வண்டி என்றால், முதல் 500 கி.மீ. பதற்றமில்லாமல் ஓட்டினாலே போதும். திடீரென்று நிறுத்தவேண்டிய நிலை வராதபடி முன்வண்டியோடு நல்ல இடைவெளி விட்டு, பிரேக்கைத் தடவிக்கொண்டே இருக்காமல், பிடிக்கும்போது நடுத்தரமாக அழுத்திப் பிடித்து முழுதாக விட்டுவிடுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து அன்னூர், அவிநாசி பக்கம் விடியற்காலையில் இரண்டு மூன்று நாள் போய்வந்தால் முடிந்துவிடும்.

ஒழுங்காகச் சூடேற்றிப் பழக்கியே ஆகவேண்டும் என்று தோன்றினால், அதற்குச் சரியான இடம் பக்கத்திலேயே இருக்கிறது. கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற ரேஸ் டிராக், 2 கி.மீ.க்குச் சற்று அதிகமான சுற்று. அனுமதி கிடைக்கிற நாளில் அங்கே போங்கள். நூறு வேகத்திலிருந்து முப்பதுக்கு, நடுத்தர அழுத்தத்தில் இறக்குங்கள், முழுதாக நிறுத்த வேண்டாம், மறுபடி வேகம் எடுங்கள், ஒரு நிமிடமாவது ஆற விட்டு அடுத்தது. இப்படிப் பத்து முறை, போகப் போக அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டு. நடுவில் லேசான புகையோ கருகல் வாசமோ வந்தால் பயப்பட வேண்டாம், நான் மேலே சொன்ன பிசின்தான் அது, ஆனால் வாசம் வந்ததும் இடைவெளியை இரண்டு மடங்காக்குங்கள். கடைசியில் பதினைந்து நிமிடம் பிரேக்கைத் தொடாமல் மெதுவாகச் சுற்றி வாருங்கள். முக்கியமானது இதுதான்: சூடாக இருக்கும்போது வண்டியை நிறுத்திப் பெடலை மிதித்தபடி நிற்காதீர்கள். பேட் பட்ட இடத்தில் மட்டும் டிஸ்க்கில் ஒரு அச்சு விழுந்துவிடும், உதறலுக்கு அதைவிடச் சுலபமான வழி கிடையாது. சமதளத்தில் பார்க்கிங் கியரில் போட்டுக் காலை எடுத்துவிடுங்கள். அன்றைக்கே மறுபடி ஆரம்பிக்கவும் வேண்டாம், ராத்திரி முழுக்க ஆறட்டும்.

அதுவரை மலையிறங்க வேண்டி வந்தால், கியரை மேனுவலில் வைத்து இரண்டிலோ மூன்றிலோ இறங்குங்கள். இன்ஜினும் புதுசு என்பதால் அது கதறாத கியராகப் பார்த்து வையுங்கள். ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதே கியர் என்று நம் பஸ் டிரைவர்கள் சொல்லிக்கொடுத்த விதி போர்ஷேவுக்கும் பொருந்தும்.

கேள்வி: ஐயா, ஊட்டியில் ஒரு முதலாளி வீட்டில் டிரைவராக இருக்கிறேன். அவருடைய ஸ்போர்ட்ஸ் காரில் செராமிக் பிரேக். காலையில் பனியில் வண்டியை எடுத்தால் பிரேக் பிடிக்கும்போது கீச்சென்று கத்துகிறது, தெருவே திரும்பிப் பார்க்கிறது. கொஞ்ச தூரம் போனால் நின்றுவிடுகிறது. பழுதா? பஞ்சர் ஆனால் வீலைக் கழற்றுவதிலும் ஏதோ ஜாக்கிரதை வேண்டும் என்கிறார்களே?
– ஒரு வாசகர், ஊட்டி

பதில்: பழுது இல்லை தம்பி. கெட்டியான பேட், கெட்டியான டிஸ்க், குளிர், மேலே ஈரம், இவை எல்லாம் சேர்ந்தால் அந்தச் சத்தம் வரும். இரண்டு மூன்று முறை லேசாகப் பிடித்து விட்டால் ஈரம் காய்ந்து அடங்கிவிடும். மழையில் வெகுநேரம் பிரேக்கைத் தொடாமல் ஓட்டினாலோ வண்டியைக் கழுவி எடுத்தாலோ, முதல் பிடி ஒரு கணம் தாமதமாக வரலாம், அதனால் கேட்டைத் தாண்டியதும் பின்னால் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு ஒரு முறை லேசாகப் பிடித்துப் பாருங்கள். சூடேறிய பிறகும் கத்தினாலோ, கரகரவென்று உரசும் சத்தம் வந்தாலோ மட்டும் காட்ட வேண்டும்.

இந்தப் பிரேக் சூடானால்தான் பிடிக்கும், ஊட்டிக் குளிருக்கு ஆகாது என்று சிலர் பயமுறுத்துவார்கள். அது ஃபார்முலா 1 காரிலும் அந்தக் காலத்துக் கான்கார்ட் விமானத்திலும் போட்ட முழுக் கார்பன் பிரேக்கைப் பற்றிய பேச்சு. அது வேறு பொருள், நல்ல சூட்டில்தான் வேலை செய்யும். ரோட்டுக் காரில் வரும் கார்பன் செராமிக் குளிரிலும் பிடிக்கும். ஊட்டி மாதிரி ஊரில் அதற்கு ஒரு நல்லதும் உண்டு, துரு ஏறாது. ஜூலை மழையில் நாலு நாள் நிறுத்தி வைத்த சாதாரணக் காரின் டிஸ்க் செம்மண் பூசியது போல ஆவதைத் தினமும் பார்க்கிறீர்கள்தானே.

வீல் விஷயம் ரொம்ப முக்கியம். கடினமான பொருள்தான், ஆனால் ஓரத்தில் அடி பட்டால் பீங்கான் மாதிரி சில்லு பெயரும். வீலைக் கழற்றும்போதும் மாட்டும்போதும் ரிம் சரிந்து டிஸ்க்கின் ஓரத்தில் இடிப்பதுதான் வழக்கமாக நடக்கிற விபத்து. ஒரு பஞ்சர் கடையில் என் கண் முன்னால் நடந்திருக்கிறது. அந்தப் பையன் மேல் தப்பு சொல்ல மாட்டேன், அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. போல்ட்டுக்குப் பதிலாக ஓட்டையில் திருகிக்கொள்ளும் நீளமான வழிகாட்டிக் கம்பிகள் வண்டியோடு வரும், டூல் பையில் தேடிப் பாருங்கள். மேலே இருக்கும் போல்ட்டைக் கழற்றி அதில் கம்பியைத் திருகிவிட்டு, அதன் மேல் வீலை நழுவ விட்டால் இடிக்காது. கடைக்காரர் அவசரப்பட்டாலும் நீங்கள் பக்கத்தில் நின்று இதைச் செய்ய வையுங்கள். ரிம் கழுவ ஆசிட் கலந்த எதையும் அருகில் கொண்டுவர வேண்டாம், தண்ணீரும் சாதாரண ஷாம்புவும் போதும். டிஸ்க் தேய்மானத்தைத் தடிமன் மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது, உள்ளே கார்பன் எரிந்து எடை குறைந்திருக்கும், அதனால் குறைந்தபட்ச எடையை டிஸ்க்கின் மேலேயே பொறித்திருப்பார்கள். அதை எடை போட்டுப் பார்ப்பது சர்வீஸ் சென்டர் வேலை. ஒரு டிஸ்க்கின் விலை லட்சங்களில், அதனால் முதலாளியிடம் இதையெல்லாம் முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள்.

கேள்வி: அண்ணா, கொடைக்கானலில் டாக்ஸி ஓட்டுகிறேன். வத்தலக்குண்டில் முன் பேடும் பின் பிரேக் ஷூவும் புதுசு போட்டு, அன்றைக்கே மேலே ஏறி, சாயங்காலம் நாலு பேரோடு கீழே இறங்கினேன். பெருமாள்மலை தாண்டி டம்டம் பாறைக்கு வரும்போது கருகல் நாற்றம், பெடல் கெட்டியாக இருக்கிறது, வண்டி நிற்கவில்லை. எப்படியோ ஓரம் கட்டிவிட்டேன். மறுநாள் பார்த்த மெக்கானிக் எல்லாம் சரியாக இருக்கிறது என்கிறார். என்ன நடந்தது?
– ஒரு வாசகர், கொடைக்கானல்

பதில்: நீங்களும் அந்த நாலு பேரும் நல்லபடியாக இறங்கியதற்குச் சந்தோஷம். மேலே கோத்தகிரி வாசகருக்கு எழுதிய அதே விஷயம்தான் உங்களுக்கு நிஜமாகவே நடந்திருக்கிறது. பெடல் கெட்டியாக இருந்தும் நிற்கவில்லை என்றால் பழகாத பேட் வாயு விட்டிருக்கிறது. ஆறியதும் சரியாகிவிடும், அதனால்தான் மெக்கானிக் கையில் ஒன்றும் சிக்கவில்லை. பெடல் பஞ்சு மாதிரி அமுங்கித் தரையைத் தொட்டால் அது வேறு நோய், பிரேக் ஆயில் கொதித்துக் குமிழி விட்டிருக்கிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை உங்கள் ஸ்டாண்டில் எல்லாரிடமும் சொல்லுங்கள், ஏனென்றால் முதலாவது ஆறினால் போய்விடும், இரண்டாவதை ஆயில் மாற்றாமல் நம்பி ஓட்டக் கூடாது.

எனக்கும் ஒரு முறை நடந்திருக்கிறது, அம்பாசிடர் காலத்தில். நாலு வீலுக்கும் பிரேக் ஷூவில் புது லைனிங் (பேடைப் போல உரசும் பட்டை) ஒட்டி வாங்கிக்கொண்டு, "ஓட்ட ஓட்ட செட் ஆயிடும்" என்று ஒர்க் ஷாப்பில் சொன்னதை நம்பிக் கோத்தகிரியிலிருந்து இறங்கினேன். புது லைனிங், வீலோடு சுற்றும் டிரம்மின் உள்வளைவோடு முழுதாகப் படியாது, மேடான ஒரு பகுதி மட்டும்தான் உரசும், எல்லாச் சூடும் அந்த விரல் அகல இடத்தில் ஏறும். பாதி வழியில் பிரேக் இல்லை. மூன்றாவதிலிருந்து இரண்டாவதுக்குத் தள்ளி, அப்புறம் முதல் கியர், மலைப்பக்கத்து ஓடையில் இடது வீலை இறக்கி நிறுத்தினேன். பின் சீட்டில் என் அம்மா இருந்தார். அதற்குப் பிறகு புது பேட் போட்ட வண்டியை அன்றைக்கே மலைக்குக் கொண்டுபோகிறேன் என்று யாராவது சொன்னால் நான் சாவியைக் கேட்டு வாங்கிவிடுவேன்.

செய்யவேண்டியது சின்ன வேலை. வத்தலக்குண்டில் பேட் போட்டதும் மேலே ஏறாமல் நிலக்கோட்டை ரோட்டில் போங்கள். கூட்டமில்லாத நேரமாக, கண்ணாடியில் பின்னால் யாரும் இல்லை என்று பார்த்து, அறுபதிலிருந்து இருபதுக்கு நடுத்தரமாகப் பிடியுங்கள், நிறுத்தாமல் மறுபடி வேகம் எடுங்கள், ஒரு நிமிடம் ஓட விட்டு அடுத்த முறை. பதினைந்து இருபது தடவை போதும். திரும்பி வரும்போது பிரேக்கை அதிகம் தொடாமல் ஆற விட்டு வாருங்கள். மொத்தம் ஒரு மணி நேரமும் கொஞ்சம் பெட்ரோலும் செலவு. அடுத்த இரண்டு மூன்று நாள் மலையில் ஆள் குறைவான சவாரியாக எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

நியூட்ரலில் இறக்குகிற பழக்கம் உங்களிடம் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை, இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். டீசல் மிச்சம் என்று இன்ஜினை அணைத்துவிட்டு இறங்குபவர்களும் இருக்கிறார்கள். பெடலுக்குப் பலம் கொடுக்கிற பூஸ்டர் இன்ஜின் ஓடினால்தான் வேலை செய்யும், அணைத்த பிறகு இரண்டு மூன்று மிதியில் அதில் சேர்ந்திருந்ததும் தீர்ந்துவிடும். அதுவும் அந்தப் பூஸ்டர் வெளிக்காற்றின் அழுத்தத்தால் தள்ளுகிற பொருள், கொடைக்கானல் உயரத்தில் காற்றழுத்தம் சமவெளியில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல்தான், ஆகவே மேலே பெடல் எப்போதுமே கொஞ்சம் கனமாகத்தான் இருக்கும்.

நம் நீலகிரி மலை ரயிலைக் கவனித்திருக்கிறீர்களா? 12 அடிக்கு ஒரு அடி இறங்குகிற சரிவு அங்கே உண்டு. ஒவ்வொரு பெட்டியின் முன் மேடையிலும் ஒரு பிரேக்காரர் நின்றுகொண்டு, விசில் கேட்டதும் தன் பெட்டியின் பிரேக்கைத் தானே பிடிக்கிறார். 1899-ல் குன்னூர் வரைக்கும், 1908-ல் ஊட்டி வரைக்கும் வந்த ரயில். எல்லாப் பாரத்தையும் ஒரே இடத்தில் போடாமல் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் காரில் இன்ஜினும் பிரேக்கும் அப்படிப் பிரித்துக்கொள்ள வேண்டும், கமக்காப்பட்டி செக்போஸ்ட் வரும்வரை இரண்டாவது கியர், தேவையானால் முதல் கியர். நாற்றம் வந்தால் அகலமான இடம் பார்த்து அரை மணி நேரம் நிறுத்துங்கள். அவசரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள், காய்ந்த இரும்பு விரிசல் விட்டுவிடும்.

கேள்வி: செராமிக் பிரேக் போட்ட வண்டிக்கும் பிரேக் ஆயில் மாற்ற வேண்டுமா?
– ஒரு வாசகி, கூடலூர்

பதில்: கட்டாயம். டிஸ்க் எதுவானாலும் ஆயில் அதே ஆயில்தான். காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 4 என்ற தர வகை ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தரம், ஈரம் ஏறிய நிலையில் அந்த வரம்பு 155 டிகிரி. உங்கள் கூடலூர் மழைக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு முறை என்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: குன்னூரில் குடியிருக்கிறோம். மகன் ஸ்போர்ட்ஸ் கார் புக் செய்யப் போகிறான், லட்சக்கணக்கில் கூடுதலாகக் கொடுத்துச் செராமிக் பிரேக் வேண்டும் என்கிறான், மலைக்கு அதுதான் பாதுகாப்பு என்று வாதம். டிராக்குக்கெல்லாம் போகிற எண்ணம் இல்லை. வாங்கித்தரலாமா?
– ஒரு வாசகர், குன்னூர்

பதில்: என் அபிப்பிராயம், வேண்டியதில்லை. டிராக்கில் ஒரு சுற்றுக்கு ஐந்தாறு தடவை 200 கி.மீ. வேகத்திலிருந்து பிடித்து, அதை அரை மணி நேரம் விடாமல் செய்கிறவருக்கு அது அவசியம். மலை ரோட்டில் உங்கள் மகன் அறுபதைத் தாண்டவே இடம் கிடைக்காது. அங்கே பிரேக் சூடேறுவதற்குக் காரணம் வேகம் இல்லை, கியரைப் போடாமல் இறங்குவது, அதற்கு எந்த டிஸ்க்கும் மருந்து கிடையாது. மலைக்காக என்று சொல்லி வாங்கினால் பிரேக்கை நம்பி அதிக கியரில் இறங்கும் பழக்கம் வந்துவிடும் என்பதுதான் என் பயம், பேடும் ஆயிலும் செராமிக் இல்லையே.

நல்ல பக்கமும் சொல்லிவிடுகிறேன். வீல் எடை குறைவதால் ஸ்டியரிங் இன்னும் லேசாகத் திரும்பும், ரிம்மில் கரும்புழுதி படியாது, துருவும் கிடையாது. இந்தச் சுகங்களுக்காக மகன் விரும்பினால் அது அவன் ஆசை, தப்பில்லை. நடுவழி ஒன்றும் இருக்கிறது: போர்ஷே 2017-ல் கயென் வண்டியோடு கொண்டுவந்த பிரேக், இரும்பு டிஸ்க்கின் முகத்தில் டங்ஸ்டன் கார்பைடு பூச்சு, கேலிப்பர் வெள்ளை நிறம். புழுதி குறைவு, துருவும் அவ்வளவாகப் பிடிக்காது, விலையும் செராமிக்கைவிடக் குறைவு. அவன் எடுக்கிற மாடலில் கிடைக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

எதை எடுத்தாலும் டெலிவரி அன்றைக்கே, புது மாலையோடு, சொந்தக்காரர்களை ஏற்றிக்கொண்டு நேராக மலைக்குக் கொண்டுவரச் சொல்லாதீர்கள். கோவையில் உறவினர் வீடு இருந்தால் வண்டி ஒரு வாரம் அங்கே நிற்கட்டும், மகன் சமவெளியில் 500 கி.மீ. ஓட்டிவிட்டு வரட்டும். கோயில் பூஜையை மேட்டுப்பாளையத்திலேயே வைத்துக்கொள்ளலாம், வனபத்ரகாளியம்மன் கோயிலில் வண்டிக்குப் பூஜை போட்டுக்கொண்டு வருகிறவர்கள் நிறையப் பேர்.